நிதானமாகச் சுற்றுங்கள்

இரண்டாவது ஊசியும் ஏறியாயிற்று. நர்ஸ் பியூலா பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தியதும், டயாலிசிஸ் மிஷினின் முகப்பில் இருந்த உள்ளங்கை அகலச் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கியது. வசந்தாமணியின் இடது கையிலிருந்து புறப்பட்ட ரத்தம் குழாய் வழியே அந்தச் சக்கரத்துக்கு அடியில் போய், நசுங்கி நசுங்கி நகர்ந்து, வடிகட்டிக்குள் நுழைந்து, கழுவிக்கொண்டு, இன்னொரு குழாயில் அவளிடமே திரும்பி வந்தது. வாரத்துக்கு மூன்று தடவை பார்க்கிற காட்சிதான். ஆனாலும் அந்த முதல் நிமிஷம் பயம் பிடிக்கும், போன ரத்தம் வராமல் போய்விட்டால் என்று. வந்துவிடும். எப்போதும் வந்துவிடுகிறது. பயம் எழுந்து போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும், இடம் பிடித்துவைத்திருந்த மாதிரி. கோபத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தார், அவள் புருஷன் தெய்வசிகாமணி, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு. "உறுமுதா, சுத்துலயா? அப்ப மூணுல ஒரு பேஸ் கரண்டு வரலீங்க. மொதல்ல ஆஃப் பண்ணுங்க. அந்தச் செவப்புப் பட்டனச் சும்மாச் சும்மா அமுக்காதீங்க, உள்ள காயில் கம்பி கருகிப் போயிரும். நான் மத்தியானம் வந்து பாக்கறேன்." எவ்வளவு பதமாகச் சொல்கிறார். எவனோ ஒருவனுடைய தோட்டத்து மோட்டாருக்கு எவ்வளவு தவிப்பு. கருகிப் போயிருமாம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் சக்கரம் சுற்றுவது கையில் தெரிந்தது, மணிக்கட்டுக்கு மேலே, ஆபரேஷன் பண்ணி நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற அந்தக் கரகரப்பு, பூனையை நெஞ்சில் படுக்கவைத்த மாதிரி.

கணபதி ஏரியாவில் பட்டறை வைத்திருந்தார் அவர். மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி, பேனல் போர்டு. கல்யாணமாகி வந்த புதிதில் அது என்ன தொழில் என்றே அவளுக்குப் புரியவில்லை. மோட்டார் செய்கிறவர் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். "மோட்டார் இல்ல புள்ள, மோட்டாரக் கட்டி மேய்க்கறது" என்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததற்காகவும் எரிச்சல் வந்தது. அந்தச் சிரிப்பு அப்போது பிடித்திருந்ததே, அதற்காக. மோட்டாருக்கு நேராகக் கரண்டைக் கொடுத்தால் முரட்டு மாடு மாதிரி உதறிக்கொண்டு எழும், அதை மெதுவாக எழுப்பி, பாரம் ஏறினால் நிறுத்தி, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தி, ஒரு பேஸ் போனால் நிறுத்தி, அதற்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒன்றொன்று இருக்கிறது. யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், பார்க்கிற மாதிரி ஆகிவிட்டால் நம்ம வேலை சரியில்லை என்று அர்த்தம் என்பார். வீட்டில் காலையில் அவள் எழுந்திருக்கும்போதே மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், அதுவாக ஆரம்பித்து, ததும்புவதற்கு விரற்கடை முன்னால் அதுவாக நின்றுவிடும். கிரைண்டர் குழவி ஒரே நடையில் போகும். வாஷிங் மெஷின் ஒரு பக்கம் சுற்றி, யோசித்து, மறுபக்கம் சுற்றும். தெருமுனை ரைஸ்மில், சந்து அபார்ட்மெண்டின் தண்ணீர், எதிர்வீட்டுத் தையற்காரி மிதிக்கிற மோட்டார் மிஷின், பால் பூத்துக் குளிர்பெட்டி என்று எல்லாம் ஒழுங்காக எழுந்து, ஒழுங்காக நின்று, காலை என்பதையே யாருக்கும் தெரியாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அந்தத் தண்ணீர் குழாயில் ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள் வசந்தாமணி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாடித் தொட்டிக்கு எவ்வளவு தேவை என்று தெரிகிறது. எப்போது போதும் என்றும் தெரிகிறது. அவள் உடம்புக்குத் தெரியாது. சீ, இதென்ன, அவருடைய பாஷையிலேயே நினைக்க வேண்டியிருக்கிறதே. இருபத்தைந்து வருஷத்தில் மனசுக்குள்ளும் வந்து வயர் இழுத்துவிட்டார்.

"என்ன வசந்தா, குளுருதா? போர்வை இழுத்து உடட்டா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். போர்வை. போர்வைக்கு மட்டும் குறைச்சலில்லை. ஆரஞ்சு ஜூஸ் குடிக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னால் அதையும் மனப்பாடம் பண்ணிவைத்திருப்பார். கூட்டிக்கொண்டு வருவார், காத்திருப்பார், கைத்தாங்கலாகக் கூட்டிப் போவார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள், உனக்கு வாய்ச்ச மாதிரி புருஷன் யாருக்கு வாய்க்கும், கைக்குழந்தையாட்டப் பாத்துக்கறாரே என்று. அவளும் ஆமாங்க என்பாள். அதைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் பொய் சொல்கிற மாதிரி இருக்கும். ஏனென்றால் டாக்டர் முதல்நாளே சொல்லியிருந்தார், ரத்த குரூப் ஒத்துப்போகிறது, உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சில டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று. அவருடைய ரத்தத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். பட்டறைச் சுவரில் வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, ரத்ததான முகாம் சான்றிதழ்கள், எல்லோருக்கும் ஆகிற குரூப் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருஷா வருஷம் போய்ப் படுப்பார். டாக்டர் அறையில் அன்றைக்கு அவர் "பாத்துக்கலாமுங்க" என்றார். அவ்வளவுதான். இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பாத்துக்கலாம். அடுத்த தடவை போனபோது பட்டறையில் ஆள் இல்லை. அதற்கடுத்த தடவை ஆடி மாசம். அப்புறம் அவருக்கு லேசாகச் சளி. இதே ஆஸ்பத்திரி மேல்மாடியில் உறுப்பு மாற்று விஷயங்களைப் பார்க்கிற அம்மா இருந்தார், இறந்துபோனவர்களிடமிருந்து கிடைக்கிற சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் பேரை எழுதிவைக்கிறவர். அவர் கேட்டதற்கும் இவர்தான் முந்திக்கொண்டு சொன்னார், "வீட்டுலயே ஆள் இருக்குதுங்க, பாத்துக்கலாமுங்க" என்று. ஆள் இருக்கிறது என்றால் வரிசையில் எதற்கு என்று அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எத்தனையோ பேர் எழுதிக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தாராபுரத்துப் பெண்ணுக்குப் போன மாசம் ராத்திரியோடு ராத்திரியாகப் போன் வந்து, இப்போது சுகமாக இருக்கிறாளாம், வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறாளாம். வசந்தாமணிக்கு அந்த வரிசையில் பேரே இல்லை. அந்த ஒரு வார்த்தையால் இல்லை. பாத்துக்கலாம். அந்த வார்த்தையை எடுத்து அவர் வாயிலேயே திணிக்க வேண்டும் போலிருந்தது.

மாமியார் மட்டும் ஒளிக்காமல் சொன்னாள். அவளைக்கூட மன்னித்துவிடலாம். "ஒழைக்கற ஆம்பள ஒடம்பு சாமி, அதுல கத்தி வெக்கப்படாது" என்றாள், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திக்கொண்டே. அதே வாய்தான், அதே கிழவிதான், நாத்தனார் சரோஜினி தன் புருஷனுக்குச் சிறுநீரகம் கொடுத்தபோது மருதமலைக்குப் படியேறிப்போய் தேங்காய் உடைத்தது. "என்ற மக தாலியக் காப்பாத்திக்கிட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னது. சரோஜினி உழைக்கவில்லையா? விடிய எழுந்து மாட்டைப் பிடித்து, பாலைக் கறந்து, மூன்று பேருக்குச் சோறு கட்டி, அவளுடையது உழைக்கிற உடம்பு இல்லையா? பெண்ணின் இடுப்பில் இருப்பது வீட்டுப் பொதுச்சொத்து, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆணின் இடுப்பில் இருப்பது குலதெய்வம். வாய்விட்டுச் சிரித்துவிடுவாள் போலிருந்தது, ஆனால் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உடம்பிலிருந்து தண்ணீர் வேகமாக உறிஞ்சப்படும்போது இப்படித்தான் சதை முறுக்கும். பல்லைக் கடித்தாள். அவர் உடனே எழுந்து பாதத்தைப் பிடித்து மடக்கி நீவிவிட்டார், பழக்கப்பட்ட கை, எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்த கை. வலி இறங்கியது. நன்றியாக இருக்க வேண்டிய இடம் இது. ஆனால் அவளுக்குக் கவிப்ரியாவின் முகம் வந்தது. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள், "நான் தர்றேன்மா. எனக்கு மேட்ச் ஆகுதான்னு பாக்கச் சொல்லுங்க." வசந்தாமணிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. வேண்டாம் கண்ணு, பேசாதே, நீ இன்னும் வாழவே ஆரம்பிக்கவில்லை என்று பதறினாள். பதறிக்கொண்டே அவரைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வார். நீ சின்னப் பிள்ளை, நான் இருக்கிறேனே என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். ரசத்தில் என்ன இருந்ததோ, அதையே பார்த்துக்கொண்டு பிசைந்தார். மகள் வயிற்றில் கத்தி வைப்பதானால் சரி என்று பிசைந்தான். அவன். ஆமாம், அவன்தான், மனசுக்குள் என்ன மரியாதை. பிசைந்து பிசைந்து, கடைசியில் "இன்னும் கொஞ்சம் பொரியல் வை" என்றான்.

மேலே ஓடிக்கொண்டிருந்த டிவி பட்டென்று அணைந்தது. விளக்குகள் போயின. ஏசியின் இரைச்சல் நின்றதும், அப்படி ஓர் இரைச்சல் இவ்வளவு நேரம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. கரண்ட் போவது புதிதில்லை, ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும், கண்சிமிட்டுகிற நேரத்தில் எல்லாம் திரும்பும், அதுவரை மிஷின்கள் தங்கள் பேட்டரியில் ஓடும். ஜன்னல் வழியாக வெயில் மட்டும் வழக்கம்போல விழுந்தது. கீழே எங்கோ ஜெனரேட்டர் உயிர்பெறுகிற சத்தமும் கேட்டது. விளக்கு மட்டும் வரவில்லை. "ஜெனரேட்டர் ஓடுது, லோடு மாறல. கரண்ட மாத்தி உடற சேஞ்ச் ஓவர் பேனல்ல காண்டாக்டர் சுவிட்சு பிடிக்கல போல" என்று எழுந்தார் தெய்வசிகாமணி. அந்தக் குரலில் ஓர் உற்சாகம் இருந்ததை வசந்தாமணி கவனித்தாள். "நான் கீழ போயிப் பாக்கறேன்" என்று செருப்பைத் தேடினார். அந்த நேரத்தில் அவளுடைய மிஷின் கிறீச்சிட்டது. மற்ற மிஷின்கள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன, அவளுடையது பழையது, பேட்டரி தாங்கவில்லை. சக்கரம் மெதுவாகி, ஒரு முறை தயங்கி, நின்றது. குழாயில் ரத்தம் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னுடைய ரத்தம் தனக்கு வெளியே, அசையாமல், கருஞ்சிவப்புக் கயிறு மாதிரி கிடந்தது.

பியூலா ஓடி வந்தாள். மிஷினின் பின்னால் இருந்து ஒரு கைப்பிடியை எடுத்துச் சக்கரத்தின் நடுவில் பொருத்திச் சுற்றினாள், ரத்தம் நகர்ந்தது. அதற்குள் எதிர்வரிசையில் இன்னொரு மிஷின் கத்தியது, அதில் ஒரு வயசாளி, கூட யாரும் இல்லை. ஹாலில் அன்றைக்கு நர்ஸ்கள் குறைவு. "சார், எங்க போறீங்க?" என்று பியூலா கத்தினாள்.

"பேனலப் பாத்துட்டு வந்தர்றேன் சிஸ்டர், எனக்கு அது தெரியும், என்ற தொழிலே அதுதான்..."

"அதுக்கு ஆளு இருக்காங்க சார். ரத்தம் நின்னா குழாய்க்குள்ளயே உறைஞ்சிரும். வந்து இதப் பிடிங்க. இந்தப் பக்கமாச் சுத்தணும், நிதானமா. நான் அந்தப் பெட்டுக்குப் போகணும்."

அவர் கதவருகில் நின்றார். ஒரு கால் வெளியே. வசந்தாமணி அந்தக் காலைப் பார்த்தாள். போய்விடுவார். கீழே ஒரு பெட்டி திறந்துகிடக்கிறது, அதில் எல்லாம் புரியும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியும், அங்கே போய் நின்றுகொண்டால் இங்கே நிற்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக அப்படித்தானே போய்க்கொண்டிருக்கிறார்.

"இங்க வாங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஊரு மோட்டாரெல்லாம் பாத்தது போதும். வந்து சுத்துங்க."

வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். முதல் சுற்றிலேயே வேகமாகச் சுற்றிவிட்டார், குழாய் துடித்தது, அவள் கையில் ஊசி இருந்த இடத்தில் சுருக்கென்று இழுத்தது. "மெதுவா சார், மெதுவா! ரத்தத்துல காத்துக் குமிழி வந்துரும்" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பியூலா. உடனே மெதுவாக்கினார், சக்கரம் நிற்கப் போனது. "நிக்க விடாதீங்க! நிதானமாச் சுத்துங்க, ஒரே மாதிரி." ஒரே மாதிரி வரவில்லை அவருக்கு. மேலே வரும்போது வேகமாகவும் கீழே இறங்கும்போது சுணங்கியும் விட்டுவிட்டு நகர்ந்தது அவள் ரத்தம். வாழ்நாள் முழுக்க எது எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று பெட்டி கட்டிக் கொடுத்த மனுஷனுக்குத் தன் கை கட்டுப்படவில்லை. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கையில்லை. வசந்தாமணிக்குப் பயமாக இருந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் பயமாக இருந்தது, குழாயில் எங்காவது வெள்ளையாக ஒரு குமிழி தெரிகிறதா என்று கண் அலைந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு வெறிபிடித்த திருப்தியும் இருந்தது, சுத்து, நல்லாச் சுத்து, இந்த ஒரு தடவையாவது என் உயிர் உன் கையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியட்டும், எவ்வளவு கனம் என்று பார். இத்தனை நாளும் இந்தச் சின்ன மோட்டார்தான் பேசாமல் செய்துகொண்டிருந்தது, போர்வை வேணுமா என்று கேட்காமல், பாத்துக்கலாம் என்று சொல்லாமல். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயையே பார்த்தார். அந்த ரசத்தைப் பார்த்த அதே பார்வை என்று நினைத்தாள். அப்புறம், இல்லை என்று தோன்றியது. அவர் கண் ரத்தத்தோடு கூடவே போய்த் திரும்பியது. "இவ்வளவு ரத்தமா வெளிய போகுது?" என்றார், தன்னிடமே கேட்பதுபோல. இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் கேட்கிறார்.

"ஆமாங்க" என்றாள்.

சுற்றினார். பாதி மூச்சில், அவளைப் பார்க்காமல், "எனக்குப் பயமா இருக்குது வசந்தா" என்றார்.

"எதுக்கு?"

"அறுக்கறதுக்கு. எல்லாத்துக்கும். ரத்தம் குடுக்கறது வேற, அது ஊறிக்கும். இது... அம்மா சொன்னதுக்காக இல்ல. அம்மாவ சாக்கு வெச்சுக்கிட்டேன். மேசையில படுக்கறத நெனச்சாலே கை காலு ஓடறதில்ல. என்னால ஆகாது."

எத்தனை நாள் அவள் இந்தச் சண்டையை மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பாள். அவர் இல்லை என்று சொல்வார், அவள் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சேர்த்துவைத்திருந்தாள். இப்போது சொல்லிவிட்டார். அவளுடைய ரத்தம் இருக்கிற சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். பயப்படுகிறவனை என்ன செய்வது? பயம் அவளுக்கும்தான் தெரியும், வாரத்துக்கு மூன்று தடவை தெரியும். பயந்ததற்காக மட்டும் என்றால் அவள் அவரை மன்னித்துவிட்டிருப்பாள். ஆனால் அந்தப் பயத்தை எடுத்து, மடித்து, பாத்துக்கலாம் என்று பேர் வைத்து, அவளுக்கு நம்பிக்கை என்று கொடுத்தாரே. அதை நம்பிக்கொண்டு டம்ளர் டம்ளராக நாளை அளந்தாளே. கோபம் குறையவில்லை. குழப்பம்தான் குறைந்தது. இத்தனை நாள் நாலாபக்கமும் தெறித்துக்கொண்டிருந்தது ஒரே இடத்தில் வந்து நின்றது.

"இத மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள் மெதுவாக, "நான் வேற வழியப் பாத்திருப்பேன்."

அப்போது விளக்குகள் வந்தன. ஏசி இருமியது. மிஷின் பீப் பீப் என்று கூப்பிட, பியூலா ஓடிவந்து அவர் கையை விலக்கி, கைப்பிடியைக் கழற்றி, எதையோ அழுத்தினாள். சக்கரம் மெதுவாக எழுந்து, தன் வேகத்தைப் பிடித்து, ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்தது. வசந்தாமணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, யாருக்காக என்று தெரியவில்லை. "குமிழி ஒண்ணும் இல்லக்கா, பயப்படாதீங்க" என்றாள் பியூலா. "சார், நல்ல வேளை." அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வலதுகையை இடதுகையால் பிடித்துவிட்டுக்கொண்டார். பாக்கெட்டில் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அணைத்துவைத்தார். மீதி நேரம் முழுக்க அவள் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தூக்கம் வரவில்லை. இழுத்துப்பிடித்த காலும் வலிக்கவில்லை.

ஊசிகளை எடுத்து, பஞ்சை அழுத்தி, கட்டுப்போட்டு முடிந்ததும் அவர் வழக்கம்போல செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தார். "டாக்ஸி கூப்புடட்டா?"

"நீங்க கீழ உக்காந்திருங்க. நான் மேல போயிட்டு வர்றேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. "நானும் வர்றேன்" என்றார். "வசந்தா, அப்படி இல்ல... இன்னொருக்கா யோசிச்சு, டாக்டர்கிட்டக் கேட்டு, பாத்துக்..." என்று வந்தது, பாதியிலேயே அவரே நிறுத்திக்கொண்டார்.

"கீழ இருங்க" என்றாள்.

தலை லேசாகச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லிஃப்ட்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். அது குலுக்காமல் எழுந்தது, மேலே போகப் போக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தரையோடு தரையாக வந்து நின்றது, தளர்ந்த காலுக்குத் தடுக்காமல். கதவு திறந்தது. வராந்தாக் கடைசி அறையில் அந்த அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். வசந்தாமணியை அடையாளம் தெரிந்தது.

"வாங்கம்மா. உக்காருங்க. தனியாவா வந்தீங்க, கூட யாரும் வரலீங்களா?"

"வந்திருக்காருங்க. கீழ இருக்காரு." நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அந்த வரிசைல என்ற பேர எழுதிக்குங்க."

"உங்களுக்கு வீட்டுலயே ஆள் இருக்குதுன்னு சொன்னாங்களே?"

"இல்லீங்க" என்றாள் வசந்தாமணி. "எனக்கு வீட்டுல யாரும் இல்லீங்க. அப்படியே எழுதிக்குங்க."